ஜெபக் குறிப்பில் நான் எழுதிய ஊர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில், பாளையங்கோட்டையில் நடந்தது இது. வீட்டில் அப்போது நான் ஒருத்திதான். மகள் கோயம்புத்தூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் ஆப்பிரிக்காவில், சண்டை நடக்கிற ஒரு நாட்டில் ஹெலிகாப்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். எந்த நாடு என்று எழுதப்போவதில்லை. முன்பு ஒரு முறை எழுதப்போய்த்தான் இந்த அனுபவமே வந்தது.

பட்டாளத்தில் இருக்கிறாரா என்று எல்லாரும் கேட்பார்கள். முன்பு இருந்தார். அதை விட்டு வந்த பிறகு ஒரு தனியார் கம்பெனியில் ஒப்பந்தத்துக்குச் சேர்ந்தார். கையில் துப்பாக்கி கிடையாது. பாலம் உடைந்து, ரோடு அறுந்து கிடக்கிற ஊர்களுக்கு மாவும் எண்ணெயும் மருந்தும் கொண்டுபோய் இறக்கிவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் மேலே போகிற ஹெலிகாப்டர் எதைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று கீழே துப்பாக்கியோடு நிற்கிறவனுக்குத் தெரியாதே. எட்டு வாரம் அங்கே, நாலு வாரம் வீட்டில். அந்த எட்டு வாரத்தை நான் எப்படித் தள்ளினேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். முக்கூடலில் அம்மாவுடன் உட்கார்ந்து பீடி சுற்றினேன். வீட்டுக்காரர் என் அத்தை மகன். நன்றாகப் படித்தார், பரீட்சை எழுதினார், அதிகாரியாகப் போனார். சின்ன வயதில் பேசி வைத்ததை மாற்றாமல் என்னையே கட்டிக்கொண்டார். எனக்குப் பயம் கொஞ்சம் கூடுதல். கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டுத் திரும்பி வந்தவள் நான். அப்படிப்பட்டவளுக்கு இப்படி ஒரு புருஷன் வாய்த்தால் என்ன ஆகும்? கூடத்துச் சுவரில் இரண்டு கடிகாரம் மாட்டியிருந்தேன். ஒன்று நம் நேரம், இன்னொன்று அவர் இருக்கிற நாட்டு நேரம். நம்மைவிட இரண்டரை மணி நேரம் பிந்தி ஓடும். “அம்மா, நம்ம வீடு என்ன ஏர்போர்ட்டா?” என்று மகள் கேலி செய்வாள்.

அவர் போடுகிற விதி ஒன்றே ஒன்றுதான். எங்கே போகிறார், என்றைக்குப் போகிறார், எதை ஏற்றிப்போகிறார் என்று மூன்றும் கேட்கக் கூடாது. அன்றைய வேலை முடிந்ததும் ‘இறங்கியாச்சு’ என்று ஒரு வார்த்தை அனுப்பிவிடுவார். நம் நேரத்துக்கு மாலை ஆறரை வாக்கில் வரும். அது வந்த பிறகுதான் நான் உலை வைப்பேன்.

அந்த வாரம் திங்கட்கிழமை போனில் பேசும்போது அவராகவே சொன்னார்.

“வியாழக்கிழமை மட்டும் மெசேஜ் கொஞ்சம் பிந்தும் ஏட்டி. அழுதுட்டு உக்காந்திராத.”

“ஏன் பிந்தும்?”

“கொஞ்சம் தூரம்.”

“எங்க அத்தான்?”

“ஒனக்கு எதுக்கு அது?”

“சொல்லாட்டா வியாழக்கிழமை வரைக்கும் நான் சோறு திங்க மாட்டேன், பாத்துக்கிடுங்க.”

“பட்டினி கெடந்தே மனுசன மிரட்டு,” என்று சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு எப்போதும் போல இல்லை. எத்தனை வருடம் அந்தக் குரலைப் போனிலேயே கேட்டு வாழ்ந்தவள் நான், எனக்குத் தெரியாதா? விடாமல் கேட்டேன். ஒவ்வொன்றாக வந்தது. இதுவரை யாரும் போகாத ஒரு ஊர். அங்கே பேதி நோய் பரவி, ஜனங்கள் பள்ளிக்கூடத்துத் தரையில் கிடக்கிறார்கள். குளுக்கோஸ் பாட்டிலும் மருந்தும் கொண்டுபோக வேண்டும். சண்டை போடுகிற இரண்டு பக்கமும் அன்றைக்கு நாலு மணி நேரம் மட்டும் சுடாமல் இருக்க ஒத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் இரண்டு பக்கத்திலும் சேராத ஒரு கூட்டம் இருக்கிறதாம். போன மாதம் ஹெலிகாப்டரின் வால் பக்கம் குண்டு பட்டு ஒரு ஓட்டை விழுந்ததே, அது அவர்கள் வேலையாம். ஓட்டை விழுந்த கதையே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஊர்ப் பெயரை இரண்டு தடவை கேட்டு, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். எத்தனை மணிக்குக் கிளம்புவார்கள் என்பதையும் எழுதினேன்.

“யார்ட்டயும் மூச்சு விட்றாத. ஒங்கம்மைட்டகூட,” என்றார்.

“நான் யார்ட்ட அத்தான் சொல்லப்போறேன்?” என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். எனக்கு யார் இருந்தார்கள் சொல்வதற்கு?

செவ்வாய்க்கிழமை சபையில் பெண்கள் கூடுகை. லெந்து நாட்களில் எங்கள் சபைப் பெண்கள் சங்கிலி ஜெபம் செய்வார்கள். காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை ஆளுக்கு ஒரு மணி நேரம் ஆலயத்தில் இருந்து ஜெபிக்க வேண்டும். எதற்காக ஜெபிக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சீட்டில் எழுதிக் கொடுத்தால், குழுவை நடத்துகிற அக்கா எல்லாவற்றையும் சேர்த்து போனில் டைப் செய்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார்கள். அவர்கள் வாத்திச்சியாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். எங்கள் எல்லாருக்கும் அக்கா.

நான் வழக்கம்போல ‘என் கணவரின் பாதுகாப்புக்காக’ என்று எழுதிக் கொடுத்தேன். அக்கா கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்கள்.

“என்ன பிள்ளே, வருசம் பூரா இதையேதான் எழுதித் தார. மொட்டையா எழுதினா என்னத்த ஜெபிக்கது? காய்ச்சல்னா எத்தன டிகிரி, பரீட்சைன்னா எந்தப் பாடம், அப்படி எழுதணும். குறிப்புன்னா குறிப்பா இருக்க வேண்டாமா?”

பின்னால் இருந்து ஒருத்தி, “அவ வீட்டுக்காரரு எங்க இருக்காருன்னு அவளுக்கே தெரியாது, எக்கா,” என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குச் சுருக்கென்று இருந்தது. நான் சீட்டைத் திருப்பி வாங்கினேன்.

ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். ஊர்ப் பெயர் எழுதினேன். வியாழக்கிழமை காலை அங்கே ஒன்பதரை மணி, நமக்குப் பன்னிரண்டு மணி என்று எழுதினேன். ஹெலிகாப்டரில் நாலு பேர், உள்ளே மருந்து என்று எழுதினேன். நாலு மணி நேரம் சுடமாட்டார்கள் என்பதையும், மூன்றாவதாக ஒரு கூட்டம் இருப்பதையும் எழுதினேன். கடைசியில், உட்கார்ந்தே ஓட்டுவதால் அவருக்கு இருக்கிற முதுகு வலிக்காகவும் ஜெபிக்கும்படி எழுதினேன். எட்டாவது படித்தவள் எழுதியதுதான், ஆனால் ஒன்று விடவில்லை. அவர் சொன்னது நினைவில் இல்லாமல் போகவில்லை. ஆண்டவரிடம் சொல்வது வேறு, ஆட்களிடம் சொல்வது வேறு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அக்கா அதைச் சத்தமாக வாசித்தார்கள். சிரித்தவள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு மூன்று பேர் என்னோடு வீடு வரைக்கும் நடந்து வந்தார்கள். காப்பி போட்டுக் கொடுத்தேன். இரண்டு கடிகாரத்தையும் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். அந்தக் கூடத்தில் அத்தனை பேர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்தச் சாயங்காலம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வியாழக்கிழமை உபவாசம் இருந்தேன். பன்னிரண்டு மணிக்கு ஆலயத்தில் பதினைந்து பேர் முழங்காலில் நின்றார்கள். ஆறரை ஆயிற்று. பிந்தும் என்று சொல்லியிருந்தாரே என்று எட்டு மணி வரை பொறுத்தேன். பிறகு நானே அழைத்தேன். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வெள்ளிக்கிழமையும் அப்படியே. கம்பெனி கொடுத்த நம்பரில் இங்கிலீஷில் ஒரு பெண் ஏதோ சொன்னாள். நான், “மை ஹஸ்பண்ட், மை ஹஸ்பண்ட்,” என்று சொல்ல, அவள் சொன்னதையே திரும்பச் சொல்லி வைத்துவிட்டாள். மகளைக் கூப்பிட்டால் ஒரு நிமிடத்தில் என்னவென்று கேட்டுச் சொல்லியிருப்பாள். அவளுக்கு அப்போது பரீட்சை. படித்துக்கொண்டிருக்கிற பிள்ளையிடம் அப்பாவைக் காணோம் என்று எப்படிச் சொல்வது?

வெள்ளிக்கிழமை காலையில் வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். சாயங்காலம் நாலு பேர். சனிக்கிழமை காலையில் அக்கா மட்டும் வந்தார்கள்; அவர்களுக்கும் வீட்டில் முடியாத மாமியார். நான் யாரையும் குறை சொல்லவில்லை. எத்தனை நேரம்தான் ஒருவர் இன்னொருத்தியின் பயத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்க முடியும்?

சனிக்கிழமை இரண்டு மணிக்குச் சங்கிலி ஜெபத்தில் என்னுடைய முறை. போனேன். மத்தியானத்தில் அந்த ஆலயம் எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. மேலே தொங்குகிற மின்விசிறிகளை எண்ணினேன். பதினெட்டு. மறுபடியும் எண்ணினேன். என் மனதுக்குள் அவருக்கு எல்லாம் முடித்துவிட்டேன். பெட்டி எந்த ஏர்போர்ட்டுக்கு வரும், தூத்துக்குடியா மதுரையா என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர். ஒரு ஆண் குரல், இலங்கைத் தமிழ்.

“பயப்பட வேண்டாம் அம்மா. உங்கட கணவர் சுகமாய் இருக்கிறார். முதல்ல அதைச் சொல்லிப்போட்டுப் பேசுறன்.”

நான் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். பேசியவர் என் வீட்டுக்காரரின் கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவில் வேலை செய்கிறவர். தமிழ் தெரியும் என்பதற்காக இந்த வேலையை அவரிடம் கொடுத்திருக்கிறார்கள்.

“ஒரு கடிதம் எங்களிட்ட வந்திருக்கு. நான் ஒருக்கா வாசிக்கிறன். நீங்கள் எழுதினதோ எண்டு கேட்டுட்டுச் சொல்லுங்கோ.”

என் சீட்டை அவர் வாசித்தார். ஊர், கிழமை, இரண்டு நாட்டு நேரம், நாலு பேர், மருந்து. ஒரு சொல் விடாமல் வாசித்தார். முதுகு வலி வந்த இடத்தில் மட்டும் ஒரு நொடி நிறுத்தினார். கடைசியில் இருந்த ‘ஆமென்’ வரைக்கும் வாசித்து முடித்தார்.

“நான்தான் எழுதினேன்,” என்றேன்.

நடந்ததை அவர் சொன்னார். அக்கா வாட்ஸ்அப்பில் போட்டதை யாரோ வளைகுடாவில் இருக்கிற தங்கைக்கு அனுப்ப, அங்கே இருந்த ஜெபக் குழு நாகர்கோவிலுக்கு அனுப்ப, அங்கே ஒரு பெண் தன் வீட்டுக்காரருக்கு அனுப்பியிருக்கிறாள். அந்த வீட்டுக்காரர் வேறு எங்கும் இல்லை, என் வீட்டுக்காரர் இருந்த அதே முகாமில் சமையல்காரர். வியாழக்கிழமை காலைச் சாப்பாட்டில் தோசையை வைத்துவிட்டு, சந்தோஷமாகப் போனைக் காட்டியிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் சாப்பிடாமல் எழுந்து, நேரே அதிகாரியிடம் போய், இது என் மனைவி எழுதியது என்று அவரே கொடுத்திருக்கிறார். நாகர்கோவிலுக்கு வந்தது வேறு யாருக்கெல்லாம் போயிருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது பயணத்தை நிறுத்திவிட்டார்கள். முகாமில் எல்லாருடைய போனையும் வாங்கி வைத்து விசாரணை நடந்திருக்கிறது. அதனால்தான் இரண்டு நாள் சத்தமில்லை.

போனை வைக்கும் முன்பு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “சண்டைக் காலத்தில எங்கட அம்மாவும் இப்பிடித்தான், ஒண்டு விடாமல் சொல்லிச் சொல்லி மன்றாடுவா. மனசுக்குள்ள சொல்லுங்கோ அம்மா. எழுதாதேங்கோ.”

எனக்கு வெட்கமாக இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக இருந்தது அவர் உயிரோடு இருக்கிறார் என்பது. அக்காவுக்குப் போன் போட்டேன். அவர்களுக்கு அழுகையே வந்துவிட்டது. “பாத்தியா பிள்ளே! கெளம்ப வேண்டிய ஹெலிகாப்டரையே நிறுத்திட்டாரே ஆண்டவரு! போயிருந்தா என்ன நடந்திருக்குமோ!” என்றார்கள். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், ஆண்டவர் எனக்குச் செய்ததை எல்லார் முன்னாலும் சாட்சியாகச் சொல்லச் சொன்னார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக மைக் முன்னால் நின்றேன். “ஜெபம் அவரைத் தடுத்து நிறுத்தியது” என்று சொன்னேன். எல்லாரும் அல்லேலூயா என்றார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை அவர் பேசினார். திட்டுவார் என்று தயாராக இருந்தேன். அவர் திட்டவில்லை.

“ஒன் எழுத்த ரெண்டு பேரு உக்காந்து இங்கிலீஷ்ல மாத்தி வாசிச்சாவ ஏட்டி. இப்ப கம்பெனி டாக்டரு என் முதுக எக்ஸ்ரே எடுக்கணும்ங்கான்.”

நான் சிரித்து அழுதேன். “நீங்க நல்லா இருக்கியள்லா அத்தான், எனக்கு அது போதும். அந்தப் பயணம் நின்னதே நல்லதுக்குத்தான்,” என்றேன்.

“எனக்கு என்னட்டி? நான் மெத்தையில படுத்துக் கெடந்தேன்,” என்றார் பைய. “அங்கனதான் ஆளுவ காத்துக் கெடந்தாவ. எறங்குததுக்கு மைதானத்த சுத்தம் பண்ணி, சுண்ணாம்பு போட்டு வச்சிருந்தாவளாம். அந்த நாலு மணி நேரம் போச்சு. திரும்ப எப்ப விடுவானுவன்னு தெரியாது.”

ஒரு பக்கம் முழுக்க எழுதினேனே, அந்த ஊர்ப் பெயரையும் எழுதினேனே, அங்கே பேதியில் கிடக்கிறவர்களைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அவர் போகிற இடம் என்பதைத் தவிர அந்த ஊர் எனக்கு வேறு எதுவாகவும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு கம்பெனி கட்டுப்பாட்டை இறுக்கியது. வாரத்துக்கு ஒரு போன், அதுவும் பக்கத்தில் ஆள் இருக்கும்போது. மருந்து போயிற்றா என்று என்னால் கேட்க முடியாது. அவராலும் சொல்ல முடியாது. நான் முதல் முறையாக என் புருஷனுக்காக இல்லாமல் வேறு யாருக்கோ பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. சாட்சி சொன்ன வாயால் எப்படிச் சொல்வது?

அவர் விடுமுறைக்கு வந்த இரண்டாம் நாள், கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் கிளிப்பை எடுத்து ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். கேட்டுவிட்டேன்.

“அந்த ஊருக்குப் போனியளா?”

“போனோம். பதினோரு நாள் கழிச்சு.”

“அங்க யாருக்கும் எதுவும்...”

“ஒரு நர்சம்மா வந்து பெட்டிய வாங்கிட்டுக் கையெழுத்துப் போட்டா. வேற ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல.”

“கேட்டிருக்கலாம்லா அத்தான்?”

“கேட்டா சொல்லிருவால்லா ஏட்டி,” என்றார். என் கையிலிருந்து அடுத்த கிளிப்பை வாங்கிக்கொண்டார்.

அதற்குமேல் நாங்கள் இரண்டு பேரும் அதைப் பேசியதில்லை. அந்த ஒப்பந்தம் முடிந்ததும் அவர் அந்த நாட்டுக்குத் திரும்பப் போகவில்லை. இப்போது கடலுக்குள் எண்ணெய் எடுக்கிற இடத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகிற வேலை. எங்கே போகிறார், எத்தனை மணிக்கு என்று எல்லாவற்றையும் அவராகவே சொல்கிறார். நான்தான் கேட்டுக்கொள்வதில்லை.

எங்கள் சபையில் இன்றைக்கும் லெந்து வந்தால் அக்கா என்னைக் காட்டி, புதிதாக வந்த பெண்களிடம் அந்தக் கதையைச் சொல்வார்கள். ஹெலிகாப்டரையே நிறுத்திய ஜெபம் என்று. எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். தாழ்மை என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு தடவை, கூட்டம் முடிந்த பிறகு அக்காவிடம் மட்டும் மீதிக் கதையைச் சொன்னேன். கடைசி வரை கேட்டார்கள். பிறகு, “அத மனசுல போட்டுக் கொழப்பிக்காத பிள்ளே,” என்று என் முதுகைத் தடவிவிட்டு, விளக்குகளை அணைக்கப் போனார்கள். அடுத்த வருடமும் அதே கதையைத்தான் சொன்னார்கள்.

நான் கேட்டது எனக்குக் கிடைத்தது, என் மனுஷன் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தார். ஆனால் சுண்ணாம்பு போட்ட அந்த மைதானத்தில் பதினோரு நாள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் எந்த மொழியில், யார் மூலமாக மன்னிப்புக் கேட்பது என்று எனக்கு இன்றைக்கு வரை தெரியவில்லை.